அவசரமில்லாத பிள்ளை

ரெட்டியார்பாளையத்தில் குடியிருக்கும் கார்குழலி தன் மூத்த பிள்ளையைப் பத்தரை ஆண்டுகள் வயிற்றில் சுமந்தாள். தானே புயல் அடித்து ஊரின் மரங்களெல்லாம் சாய்ந்து, மெழுகுவத்தி இரட்டை விலைக்கு விற்ற வாரத்தில் அவளுக்கு முதல் மசக்கை வாந்தி வந்தது. கடற்கரையில் பழைய துறைமுகப் பாலம் இடிந்து விழுந்த ஆண்டில், நாவற்பழம் உதிர்கிற பருவத்தில் பிள்ளை பிறந்தது. இரண்டுக்கும் நடுவில் ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாமல் போனது, எருமைப் பால் விலை ஏறிக்கொண்டே இருந்தது, பெரிய காய்ச்சல் வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. கார்குழலி இத்தனைக்கும் நடுவே ஏழு மாதக் கர்ப்பிணியின் வயிற்றோடு காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் கிளமான். அவன் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அக்காள் நத்தாலி பாரிசுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டாள். கிளமான் மட்டும் ஊரைவிட்டு நகராமல், வெளிநாடு போகிறவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தான். கார்குழலி, மூலக்குளத்தில் எருமை வைத்துப் பால் ஊற்றும் பக்கிரியின் ஒரே மகள். தாய் இல்லாமல் வளர்ந்தவள். குடிநீர்ப் பிரிவு அலுவலகத்தில், தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களின் குறைகளைப் பதிந்துகொள்ளும் மேசையில் அவளுக்கு வேலை. கிளமான் தன் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒருநாள் அங்கே போனான். தண்ணீர் வந்த பிறகும் வரவில்லை என்று போனான். கடைசியில் அவளே, "உங்க தெருவுக்குத் தண்ணி வருதுன்னு எனக்குத் தெரியும். வேற என்னா வேணும், சொல்லுங்க," என்றாள். மாதா கோயிலிலும் இல்லாமல் மாரியம்மன் கோயிலிலும் இல்லாமல், பெரியவர்கள் இன்னும் பிரெஞ்சில் மேரி என்று சொல்கிற நகராட்சி அலுவலகத்தில் இருவரும் கல்யாணத்தைப் பதிந்துகொண்டார்கள்.

பத்தாம் மாதம் வந்தது, போனது. டாக்டர் பூர்ணிமா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். குழந்தையின் இதயம் சீராகத் துடித்தது. பனிக்குடத்தில் தண்ணீர் போதுமான அளவு இருந்தது. "ஒண்ணும் குறையில்லம்மா. கொஞ்சம் மெதுவா வளருது, அவ்ளோதான்," என்றார். பதினைந்தாம் மாதமும் அதையே சொன்னார். இரண்டாம் ஆண்டின் முடிவில் வெளியூரிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்து கருவிகளைச் சோதித்தார்கள். கருவிகள் சரியாகவே இருந்தன. ஒரு மாநாட்டுக்கு வந்து மேடையில் உட்கார முடியுமா என்று கார்குழலியைக் கேட்டார்கள். லீவு இல்லை என்றாள். அது உண்மைதான், பேறுகால விடுப்பு முதல் ஆண்டிலேயே தீர்ந்துபோயிருந்தது.

முதலில் வேடிக்கை பார்த்த ஊர், கொஞ்ச காலத்தில் பார்ப்பதை விட்டுவிட்டது. வில்லியனூர் பஸ்ஸில் முன்சீட்டு அவளுக்கென்று ஆனது. புதிதாக வேலைக்கு வரும் கண்டக்டரிடம் பழைய கண்டக்டர் நிறுத்தங்களின் பெயரோடு அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். அவள் தெருமுனையில் இருந்த வேகத்தடையை ஆட்டோக்காரர்கள் யாரிடமும் கேட்காமல் செதுக்கித் தட்டையாக்கினார்கள். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக உடைய, உடைந்ததற்குப் பதில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டதில், எந்த நேரமும் அவள் கை நிறையவே இருந்தது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் விற்கும் அஞ்சலாட்சி, பால் சுரக்கப் பச்சை உடம்புக்காரிக்குக் கொடுக்கும் சுறாவைப் பற்றி வருடம் தவறாமல் கேட்டாள். "எப்பம்மா எடுத்து வைக்கட்டும்?" "சொல்றேங்கா," என்பாள் கார்குழலி. இருவருமே அதைப் பால்காரன் கணக்குப் போலச் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள்.

கிளமானுக்கு வேறொரு சுமையும் இருந்தது. சீனத்து ஞானி லாவோட்சுவின் பெயரில் வழங்கும் சின்னஞ்சிறு நூலை அவன் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தான். உள்ளங்கை அகலப் புத்தகம். பிள்ளை பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று கல்யாணமான புதிதில் தொடங்கினான். காலையில் கார்குழலி தலை வாரிக்கொள்ளும் நேரத்தில், முந்தைய நாள் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டுவான். நான்காம் ஆண்டு வாக்கில்தான் இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள். சொல் சரியாக விழுந்தால் வயிற்றுப்பிள்ளை சும்மா இருந்தது. தவறாக விழுந்தால் உதைத்தது. நூலின் முதல் சொல்லுக்கு, ஞானி எதைப்பற்றி நூல் முழுக்கப் பேசுகிறாரோ அந்தச் சொல்லுக்கு, கிளமான் 'வழி' என்று போட்டிருந்தான். உதை. 'நெறி' என்று மாற்றினான். உதை. 'பாதை' என்று வாசித்தபோது கார்குழலியின் கையிலிருந்த சீப்பே தெறித்து விழுந்தது.

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க," என்றாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "அதுக்குப் புடிக்கல."

கிளமான் அன்றே அந்தச் சொல்லை அடித்தான். வேறு சொல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அந்த இடத்தை வெற்றிடமாக விட்டுவிட்டு மேலே எழுதினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலக்குளத்தில் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஞானியைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளைச் சொன்னான். அவருடைய தாயும் இப்படித்தான் சுமந்தாளாம். அறுபது வருடம் என்பார்கள் சிலர், எண்பது என்பார்கள் சிலர். பழமரம் ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு பெற்றாளாம். பிள்ளை நரைத்த தலையோடு பிறந்ததாம். அவர் பெயரைக் கிழவர் என்றும் படிக்கலாம், கிழக் குழந்தை என்றும் படிக்கலாம். கடைசியில் நாடு பிடிக்காமல் எருமையில் ஏறி மேற்கே போனாராம். எல்லையில் காவலுக்கு நின்றவன், போகிறதுதான் போகிறீர்கள், தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மறித்தானாம். அவன் கேட்டிராவிட்டால் அப்படியொரு நூலே இல்லை. அதை வைத்து எத்தனையோ கவிஞர்கள் பாடிவிட்டார்கள், எத்தனையோ மொழிகளில் பெயர்த்துவிட்டார்கள், அந்த மனிதர் நிஜமாக இருந்தாரா என்பதுகூட யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

பக்கிரி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "இருந்திருப்பாரு மாப்ள. எருமை மேல ஏறிப் போனாருன்னு சொல்றீங்களே, அதை யாரும் கட்டி விட்டிருக்க மாட்டாங்க. கட்டி விடறவன் குதிரைன்னுதான் சொல்லுவான்."

கார்குழலி கேட்டது வேறு. "அந்தம்மா பேரு என்னாங்க?"

"யாரு?"

"சுமந்தவங்க."

கிளமான் யோசித்துப் பார்த்தான். அவன் படித்த எதிலும் அந்தப் பெயர் அவன் கண்ணில் பட்டதில்லை. கார்குழலி அப்பாவுக்கு ரசம் ஊற்றினாள்.

ஆறாம் ஆண்டில் கிளமானுக்குப் பொறுமை போயிற்று. நண்பர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தார்கள். அவன் பிள்ளைக்கு வாங்கிய தொட்டில் துருப்பிடித்து, விற்று, வேறொன்று வாங்கியாகிவிட்டது. அறுத்து எடுத்துவிடலாம் என்றான். டாக்டர் பூர்ணிமா, ஆபத்து என்றால் இன்றைக்கே அறுக்கலாம், ஆபத்து எதுவும் இல்லை, அம்மா சொல்கிறபடி செய்யலாம் என்றார். அம்மா வேண்டாம் என்றாள்.

"நான் அப்பா ஆவறதுக்குள்ள கெழவனாயிடுவேன், கொழலி."

"அது எங்க போயிடுச்சி? உள்ளதான இருக்குது."

"உனக்கு வெளியில பாக்கணும்னு ஆசையே இல்லியா?"

அதற்கு அவள் அழுதாள். ஆசை இல்லாமலா இத்தனை வருடமாகக் குப்புறப் படுக்காமல் இருக்கிறேன் என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க எழுதறீங்களே, அதுல என்னா போட்டிருக்குது? புடிச்சி இழுன்னா போட்டிருக்குது?"

கிளமானுக்கு அது தைத்தது. எதையும் வலிந்து செய்யாதே என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிக்கொண்டிருப்பவன் அவன்தான். பதில் சொல்ல முடியாதவர்கள் செய்வதை அவனும் செய்தான். அக்காள் நத்தாலி பலமுறை கூப்பிட்டிருந்தாள்; பாரிசுக்குக் கிளம்பிவிட்டான். கார்குழலியை அப்பா வீட்டில் விட்டுவிட்டு, ஒரு மாதத்தில் வருகிறேன் என்று போனவன் இரண்டு குளிர்காலம் அங்கே இருந்தான். ஒரு கிடங்கில் வேலை செய்தான். ஓய்வு நாட்களில் நூலகத்துக்குப் போனான். அங்கே ஒரு தட்டு முழுக்க அந்த ஒரே சின்ன நூல், வெவ்வேறு ஆட்கள் பெயர்த்தது, வெவ்வேறு தடிமனில் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் பெயர்த்தவர் தவறு செய்துவிட்டார் என்று முன்னுரையில் வருத்தப்பட்டிருந்தார். அவர்களில் ஒருவர் வீட்டிலாவது உதைத்துச் சொல்ல ஆள் இருந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்கு அவனுக்கு ஊர் ஞாபகம் தாங்க முடியாததாக இருந்தது.

வெளியே வந்து சேன் நதிப் பாலத்தில் நின்றான். மழைத் தண்ணீர், கலங்கலாக, தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதை ஊரில் என்னவென்று சொல்வோம் என்று மனம் சும்மா கேட்டது. ஆறு. பழந்தமிழில் ஆறு என்றால் வழி என்றும் பொருள் என்பது அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். ஓடுகிற தண்ணீரும் போகிற வழியும் ஒரே சொல்லாக அவன் மொழியிலேயே இருந்தது. அங்கிருந்தே போன் செய்தான். புதுச்சேரியில் அப்போது அலுவலக நேரம். கார்குழலி மேசைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"போனை வயித்துல வை."

வைத்தாள். முதல் வரியை அந்தச் சொல்லோடு வாசித்தான். பிள்ளை உதைக்கவில்லை. அத்தனை ஆண்டுகளில் இல்லாதபடி மெதுவாக ஒருமுறை புரண்டு, தலையைக் கீழே கொண்டுவந்தது.

"திரும்பிடுச்சிங்க," என்றாள் கார்குழலி.

அந்த வாரம் முடிவதற்குள் கிளமான் வந்தான். சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து, பெட்டியோடு நேரே குடிநீர்ப் பிரிவுக்குப் போனான். வெயில் காலம், பெரிய வரிசை. அவனும் வரிசையில் நின்றான். அவன் முறை வந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்து, "சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு போய் முட்டிபோட்டு உட்கார்ந்து, வயிற்றில் காதை வைத்தான். பின்னால் நின்றவர்கள் குடத்தையும் விண்ணப்பத்தையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டு வாரமாகத் தண்ணீர் வராத தெருக்காரர்கள் அவர்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

அதன் பிறகு கிளமான் தேதியைப் பற்றிப் பேசியதில்லை. பெரிய காய்ச்சல் வந்து ஊர் அடங்கிய மாதங்களில் நூலை முடித்தான். அந்தக் காலத்தில்தான் அவர்களுக்கு உண்மையான பயம் வந்தது. ஒரு வியாழக்கிழமை காலை பிள்ளை அசையவில்லை. மாலையிலும் அசையவில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. டாக்டர் பூர்ணிமாவே காய்ச்சலில் தனிமையில் இருந்தார். போனில், ஏதாவது சத்தம் கொடுத்துப் பாருங்கள், அசைவு இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்கிறேன் என்றார். கிளமான் வாசிக்க ஆரம்பித்தான். முதல் பக்கத்திலிருந்து, நிறுத்தாமல், கடைசிப் பக்கம்வரை வாசித்தான். எல்லாச் சொல்லும் சரியாக இருந்தது. பிள்ளை சும்மா இருந்தது. நன்றாக இருப்பதால் சும்மா இருக்கிறதா, வேறு காரணத்தால் சும்மா இருக்கிறதா என்று சொல்ல வழியில்லை. கார்குழலி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது கிளமான் தன் எழுத்தைத் தானே கெடுக்கத் தொடங்கினான். நல்ல வரியைத் திருகி வாசித்தான். எளிய சொல்லை எடுத்துவிட்டுப் பகட்டான சொல்லைப் போட்டான். ஞானி மூன்று சொல்லில் நிறுத்தியதை முப்பது சொல்லுக்கு இழுத்தான். வாசிக்க வாசிக்கக் கண்ணில் நீர் கொட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. நூலின் நடுவில், தண்ணீரைப் பற்றிய பகுதியில், ஆறு என்று இருந்த இடத்தில், "பாதை" என்றான்.

கார்குழலி "அம்மா!" என்று அலறினாள். அத்தனை ஆண்டுகளில் அப்படியோர் உதையை அவள் வாங்கியதில்லை. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள். "இன்னொரு வாட்டி சொல்லுங்க," என்றாள் அவள். சொன்னான். மறுபடியும் உதைத்தது.

பிறப்பு சாதாரணமாக நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மூலக்குளத்தில் பக்கிரியின் மாட்டுக் கொட்டகையை ஒட்டியிருந்த நாவல் மரத்தடியில் கார்குழலி பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் வலி வந்தது. மரத்தைப் பிடித்துச் சாய்ந்தாள். எத்தனையோ கன்றுகளை இழுத்துப் போட்ட பக்கிரிக்குக் கை கால் ஓடவில்லை; பக்கத்து வீட்டு ஆயம்மாவைத்தான் கத்திக் கூப்பிட்டார். கிளமான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண்பிள்ளை. தலைமயிரும் புருவமும் பஞ்சுபோல வெளுத்திருந்தன. காது மடல் தோள்வரை தொங்கியது. அழவில்லை. நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தவர் போலக் கையைக் காலை நீட்டிச் சோம்பல் முறித்து, ஒரு கொட்டாவி விட்டு, எல்லோரையும் ஏற்கனவே தெரியும் என்கிற முகத்தோடு பார்த்தது. எருமைகள் அசைபோடுவதை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தன.

"வாங்க, வாங்க," என்றார் பக்கிரி, பேரனைப் பார்த்து, மரியாதையாக.

அஞ்சலாட்சி மறுநாளே சுறா கொண்டுவந்தாள். பதிவேட்டில் பிள்ளைக்கு வின்சான் என்று பெயர். வீட்டிலும் தெருவிலும் கிழவர். மற்றப் பிள்ளைகளைப் போலவே குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்தது. தலை மட்டும் மாதாமாதம் கொஞ்சம் கறுத்தது. மூத்த டாக்டர் ஒருவர், வழக்கமாகப் பிற்பாடு வரவேண்டியது முன்னாலேயே வந்து போகிறது, அவ்வளவுதான் என்றார்.

கிளமான் நூலை ஒருமுறை பிள்ளைக்கு வாசித்துக் காட்ட நினைத்துத் தொட்டிலருகே உட்கார்ந்தான். இரண்டாம் பக்கத்தில் பிள்ளை தூங்கிவிட்டது. சரியா தவறா என்று இனிமேல் யாரும் சொல்லப்போவதில்லை என்று அவனுக்கு அப்போது புரிந்தது. கொஞ்சம் தனியாகிவிட்டது போலிருந்தது. கையெழுத்துப் பிரதியை அப்படியே எடுத்துப்போய், சிறிய பதிப்பகம் நடத்தும் நண்பர் தேவதாஸிடம் கொடுத்தான். புத்தகம் வந்தது; முதல் பக்கத்தில், 'பெயர் எழுதப்படாத அந்தத் தாய்க்கு' என்று ஒரு வரி. நல்ல தமிழ் என்று நாலைந்து பேர் எழுதினார்கள். நூல் முழுவதும் ஆறு என்று வருகிற சொல், நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பாதை என்று இருக்கிறது, அச்சுப் பிழையாக இருக்கலாம் என்று ஒருவர் குறிப்பிட்டிருந்தார். இரண்டாம் பதிப்புக்குத் திருத்திவிடலாமா என்று தேவதாஸ் கேட்டார்.

"இருக்கட்டுங்க," என்றான் கிளமான். "அது பொழைக்க வச்ச வார்த்தை."

அதற்கடுத்த ஆண்டு நாள் தள்ளிப்போய், பங்குனி மாதத்தில் கார்குழலி மறுபடியும் கர்ப்பம் என்று உறுதியானது. ஊர் ஆயத்தமானது. அலுவலகத்தில் அவளுக்கென்று தேக்கு நாற்காலி ஒன்று செய்யச் சொன்னார்கள். நாள்பட உழைக்க வேண்டும் என்று தச்சரிடம் சொல்லியிருந்தார்கள். கிளமான் இம்முறை மிகப் பெரிய பிரெஞ்சு நாவல் ஒன்றைத் தமிழாக்க எடுத்துக்கொண்டான். ஏழு பாகம், நேரம் இருக்கிறது என்றான். நாற்காலி வந்து சேரவில்லை, நாவலில் முதல் பாகத்தின் பாதிகூடத் தாண்டவில்லை. ஃபெஞ்சல் புயலின் வெள்ளம் வடிந்த வாரத்தில், பத்தாம் மாதத்தில், பட்டப்பகலில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. தலை கன்னங்கரேலென்று இருந்தது. தெருவே கேட்கும்படி அழுதது.

தெரு கலங்கிப்போனது. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, கார்குழலியிடம் கேட்கத் தயங்கி, வாசலில் கிளமானிடம் தணிந்த குரலில் கேட்டார்கள். நத்தாலி போனில், "தம்பி, பத்து மாசத்துலயேவா? கொழந்தைக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள். டாக்டர் பூர்ணிமாவே எடையை இரண்டு முறை பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதி நரைத்த தலையோடு கிழவர் மட்டும் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சி அழுவதை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா இவ்ளோ அவசரம்?" என்று பக்கிரிதான் கடைசியில் மகளிடமே கேட்டார்.

"தெரியலப்பா," என்றாள் கார்குழலி, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு. "அவளுக்கு என்னா வேலை இருக்குதோ."

அப்படியும் சில பிள்ளைகள் பிறப்பதுண்டு போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, வந்தவர்கள் காலில் ஒட்டிய வெள்ளச் சேற்றைக் கழுவிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.